புருவம் திருத்துகிறவளின் இமைகள்

மத்திகிரியில் நான் ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறேன். வீட்டுக்காரம்மா கார் நிறுத்துவதற்கென்று கட்டி, கடைசிவரை கார் வாங்காமலே விட்ட இடத்துக்கு ஷட்டர் போட்டு எடுத்த ஓர் அறை. சுழல் நாற்காலி இரண்டு, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, தலை அலச ஒரு பேசின். பின்பக்கத்து இரண்டு அறைகளில் நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்டு பார்க்கிறார். அவருக்குத் திண்டுக்கல் பக்கம், எனக்கு விருதுநகர் பக்கம். பிள்ளைகள் இல்லை.

வருகிறவர்களில் பாதிப்பேர் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள். வார லீவில் நாலைந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். மீதிப்பேர் அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்றிலும் தங்குதடையில்லாமல் எனக்குச் சொல்ல வருவது ஒன்றுதான்: கண்ணை மூடுங்க, தோலை இழுத்துப் பிடிங்க. புருவம் எடுக்கும்போது வாடிக்கையாளர் ஒரு கையால் புருவத்துக்கு மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் இமையைக் கீழே இழுக்க வேண்டும். நூலின் ஒரு முனை என் பல்லில் இருக்கும். மற்றதை இரண்டு கைவிரல்களிலும் முறுக்கிப் பிடித்து முடியைப் பிடுங்குவேன். பல வருஷமாக இதுதான் வேலை.

இடது கண்ணில்தான் முதலில் ஆரம்பித்தது. கீழ் இமை ஓயாமல் துடித்தது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "இடது கண்ணா? பொம்பளைக்கு நல்லதுதாம்மா. ஏதோ வரப்போகுது" என்றார். கொஞ்ச நாளில் வலது கண்ணும் சேர்ந்துகொண்டது. அப்புறம் அது துடிப்பாக இல்லை. இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொள்ளும். தூசி விழுந்தால் எப்படி இறுக்கி மூடுவோமோ அப்படி, விழாமலே. திறக்க வேண்டும் என்று நினைப்பேன். திறக்காது. புருவத்தை உயர்த்திப் பார்ப்பேன், நெற்றி முழுக்கச் சுருங்கும், இமை மட்டும் அசையாது. சில நொடியில் அதுவே விடும். மறுபடி மூடும்.

வெயிலில் அதிகமாக இருந்தது. லாரி போகிற ரோட்டில் இன்னும் அதிகம். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். பிறகு ஓசூரில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அங்கே போய் உட்கார்ந்ததும் கண் நன்றாகத் திறந்துகொண்டது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண் காய்ந்துபோகிறது, போன் அதிகம் பார்க்காதீர்கள் என்று வேறொரு சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் மூடிக்கொண்டது. என் கணவர் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார். "போய்ச் சொல்லட்டுமா?" என்றார். "போனா திறந்துக்கும், விடுங்க" என்றேன்.

ஒருநாள் மாட்டுப் பண்ணைச் சுற்றுச்சுவரை ஒட்டி ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தபோது கண் மூடிக்கொண்டது. கையை விட்டுத் திறக்க முடியாது, ஹேண்டில்பாரில் இருக்கிறது. பிரேக்கை மட்டும் அழுத்தினேன். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே என்னைச் சுற்றிப் போனது. காற்றில் சேலை இழுபட்டது. கால் ஊன்றி நின்று, விரலால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ரோட்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தேன். பயந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் ரசம் வைத்தது நினைவிருக்கிறது, பயந்தது நினைவில்லை. சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு நான் வண்டி ஓட்டவில்லை.

ஊரில் இருக்கும் என் நாத்தனார் வீடியோ காலில் பேசுவாள். ஒருநாள் நான் எழுந்து போய்விட்டேன் என்று நினைத்து, "அண்ணா, அண்ணி என் மூஞ்சியப் பாத்தாலே கண்ண மூடிக்கிறாங்க. அப்படி என்ன நான் பண்ணிட்டேன்?" என்று கேட்டாள். அவர், "அவளுக்குக் கண்ணுல கோளாறும்மா" என்றார். "கோளாறா, கொழுப்பா?" என்றாள் அவள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கண் மூடியிருந்தது, அவ்வளவுதான்.

பார்லரில் மட்டும் எந்தத் தொந்தரவும் இல்லை. இது எனக்கே புரியவில்லை. காலையில் தடவித் தடவிப் பால் காய்ச்சுவேன். கடையைத் திறந்து, முதல் ஆளை உட்காரவைத்து, நூலைப் பல்லில் கடித்ததும் கண் திறந்துகொள்ளும். எடுத்து முடிக்கும்வரை திறந்தே இருக்கும். நூலைத் துப்பினால் மூடும். அதனால் நான் வேலை இல்லாத நேரத்திலும் வாயில் ஒரு நூல் துண்டைக் கடித்துக்கொண்டிருக்க ஆரம்பித்தேன். மார்க்கெட்டுக்குப் போகும்போதும் அப்படித்தான். என் கணவர் அதைப் பார்த்தார்.

ஹாஸ்டல் பெண்களில் ஒருத்தி, தர்மபுரிப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம்தான் வருவாள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்தாள். ஃபேஷியல் செய்து முடித்து, கடைசியாகப் புருவம். வலது புருவம் முடித்து இடதுக்கு வந்தேன். நூல் பல்லில் இருக்கும்போதே என் கண் மூடிக்கொண்டது. அதுவரை அப்படி நடந்ததில்லை. பழக்கத்தில் கை நிற்கவில்லை. ஒருமுறை, இன்னொருமுறை இழுத்தது.

"ஸ்ஸ்" என்றாள் அவள். நான் விரலால் என் இமையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது புருவத்தின் வால் பக்கம் பாதி இல்லை.

"அக்கா, கண்ண மூடிக்கினா பண்ணீங்க?"

"ஆமா."

"ஏங்க்கா?"

"தெரியல."

அவள் சத்தம் வராமல் அழுதாள். நான் ஐப்ரோ பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கூட வந்த பெண் என்னைத் திட்டினாள். என்ன திட்டினாள் என்பது மறந்துவிட்டது. ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு உள்ளே வந்து படுத்தேன்.

அந்த வாரமே என் கணவர் லீவு போட்டார். ஓசூர் கண் டாக்டரிடம் மறுபடி போய் நடந்ததையெல்லாம் அவரே சொன்னார். பழுதான ஒரு பாகத்தைக் கம்பெனியில் விவரிப்பதுபோலச் சொன்னார்: எப்போது மூடுகிறது, எவ்வளவு நேரம், எந்த வெளிச்சத்தில். டாக்டர் இந்தமுறை கேட்டுக்கொண்டிருந்தார். "இது கண் இல்ல, நரம்பா இருக்கலாம். பெங்களூர் போய்ப் பார்த்துடுங்க" என்றார்.

அத்திப்பள்ளி தாண்டி, பாலத்து நெரிசலெல்லாம் தாண்டி, பஸ்ஸில் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் ஒரு பெண். தமிழ் பேசினார், கன்னட வாடையோடு. என்னை ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு எதுவும் செய்யாமல் காத்திருந்தார். இதுவரை எந்த டாக்டரும் அப்படிக் காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் மூடிக்கொண்டது.

"ஏதாவது செஞ்சா திறக்குமா? பாடினா, மென்னா, முகத்தைத் தொட்டா?"

"பல்லுல நூல் கடிச்சா திறக்கும். முன்ன திறந்துச்சு."

நர்ஸ் கொஞ்சம் நூல் கொண்டுவந்து கொடுத்தார். கடித்தேன். கண் திறந்தது. டாக்டர் அடுத்த அறையிலிருந்து இரண்டு இளம் டாக்டர்களைக் கூப்பிட்டு, மறுபடி கடிக்கச் சொன்னார். அவர்களுக்கு இங்கிலீஷில் ஏதோ விளக்கினார். நான் நூலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எங்களிடம் சொன்னார். பிளெபரோஸ்பாசம் என்று பெயர். என் கணவர் அதை இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார், வாயில் நிற்கவில்லை. கண்ணில் ஒன்றும் இல்லையாம். இமையை மூடு மூடு என்று மூளை தப்பாக உத்தரவு போடுகிறதாம். ரொம்பப் பேருக்கு வருவதில்லை, வந்தவர்களில் பலருக்கும் இதுதான் என்று தெரிவதே இல்லை என்றார். உயிருக்கு ஒன்றும் ஆகாது. முழுசாகப் போகவும் போகாது. இமையைச் சுற்றி ஊசி போட்டால் அந்தத் தசை தளர்ந்துவிடும், மூணு மாசம்போல திறந்திருக்கும், அப்புறம் மறுபடி போட வேண்டும்.

"என்ன ஊசி மேடம்?" என்று கேட்டார் என் கணவர்.

டாக்டர் சிரித்தார். "சினிமாக்காரங்க சுருக்கம் போறதுக்குப் போட்டுக்கறாங்களே, அதேதான்."

எனக்கு அந்த ஊசியைத் தெரியும். பெங்களூரில் பார்லர்காரர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் போடக் கூடாது, டாக்டர்தான் போட வேண்டும், வேண்டுமென்று கேட்டால் அனுப்பி வையுங்கள் என்றார்கள். மத்திகிரியில் யாரும் கேட்டதில்லை.

கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஒரு மேஜை, அதில் ஒரு இளைஞர். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "மேடம், இது அழகு சிகிச்சையில வருது. இதுக்கு கவர் கிடையாது" என்றார். அழகுக்கு இல்லை, கண் திறக்க என்று என் கணவர் சொன்னார். டாக்டரின் சீட்டைக் காட்டினார். அவர் அதைப் படித்துவிட்டுப் பணிவாகத்தான் கேட்டார்: "மேடம் என்ன பண்றாங்க?"

"பியூட்டி பார்லர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். பக்கத்து மேஜைப் பெண் குனிந்துகொண்டாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. என் கண் மூடிக்கொண்டது. சிரித்தாள் என்று பஸ்ஸில் என் கணவர் சொன்னார். பணத்தை நாங்களே கட்டி ஊசி போட்டுக்கொள்வதாக முடிவானது.

ஊசி போடுமுன் கண்ணைச் சுற்றி ஒரு களிம்பைத் தடவி உட்காரவைப்பார்கள். தடவின இடம் மரத்துப்போகும். தொட்டால் வேறொருவர் முகத்தைத் தொடுவதுபோல இருக்கும். மெல்லிய ஊசியால் இமை மேலும், ஓரத்திலும், புருவத்துக்கு நடுவிலும் குத்துவார்கள். முதல்முறை நர்ஸ், "வலிச்சா சொல்லுங்க" என்றார். சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலையில் பால் பாக்கெட்டை வெட்டும்போது, கண் திறந்தே இருக்கிறது என்பதைக் கவனித்தேன். மூடவில்லை. ஜன்னல் வழியாக வெயில் நேராக முகத்தில் விழுந்தது, அப்போதும் மூடவில்லை. அடுப்பு, மிக்ஸி, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் நைட் ஷிஃப்டு முடித்து வந்து வாசலில் நின்றார்.

"எப்படி இருக்கு?"

"திறந்திருக்கு."

"நல்லது" என்றார். குளிக்கப் போனார்.

அழுவேன் என்று நினைத்திருந்தேன். சந்தோஷத்திலாவது. ஒன்றும் வரவில்லை. அடுத்தமுறை பெங்களூர் போனபோது அவர் டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், அந்த ஊசி மனசையும் மரத்துப்போக வைக்குமா? இவ முன்ன மாதிரி இல்ல." டாக்டர், "ஊசி முகத்தோட நின்னுடும்ங்க, மனசுக்குப் போகாது" என்றார். என்னைப் பார்த்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். நன்றாகத் தூங்குகிறேன் என்றேன். அது நிஜம். மனநல டாக்டர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள் என்றார். பார்த்தேன். மாத்திரை கொடுத்தார், சாப்பிடுகிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

ஊசி போட்டபின் என் நெற்றியில் கோடுகள் போய்விட்டன. புருவத்தை நெரிக்க முடியாது. தெருவில் பேச்சுக் கிளம்பியது. பெங்களூர் போய் அழகு ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள், புருஷன் சம்பாத்தியம் அதற்கே சரியாகப் போகிறது என்று. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி நேரிலேயே, "உங்க வயசே தெரியல, எனக்கும் அந்த ஊசி வாங்கித் தாங்களேன்" என்றாள். நான் கோபப்பட முயன்றேன். கண்ணாடியில் பார்த்தால் கோபம் மாதிரி ஒன்றுமே முகத்தில் இல்லை. வழவழவென்று இருந்தது.

அன்றைக்குத்தான் சொல்ல ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, எனக்கு என்ன வியாதி, அது எப்படி இருக்கும், ஊசி எதற்கு என்று சொன்னேன். கேட்டுவிட்டு, "ஐயோ" என்றாள். அடுத்து வந்தவளிடமும் சொன்னேன். அதற்கடுத்தவளிடமும். பார்லர் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறவர்கள் எழுந்து போக முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். வியாதியின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் நான் "இமைப் பிடிப்பு" என்று சொல்ல ஆரம்பித்தேன். கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு எல்லோருக்கும் தெரியும். இமைப் பிடிப்பு என்றால் உடனே புரிந்தது. மருந்து வீரியம் குறைந்து, அடுத்த ஊசிக்குக் காத்திருக்கும் வாரங்களில் வாசலில் ஒரு அட்டை மாட்டிவிடுவேன்: இன்று புருவம் இல்லை. அந்த நாட்களில் தலைக்குச் சாயம், ஃபேஷியல் மட்டும்.

கல்யாணம் முடிந்து அந்தத் தர்மபுரிப் பெண் ஓசூருக்கே திரும்பி வந்தாள். புருஷனுக்கும் இங்கேதான் வேலை. ஒருநாள் பார்லர் வாசலில் நின்றாள். புருவம் வளர்ந்திருந்தது.

"போட்டோல எல்லாம் வரைஞ்ச புருவம்தான்க்கா" என்றாள். "பரவால்ல, யாருக்கும் தெரியல." பிறகு, "உங்களுக்கு ஏதோ வியாதின்னு ஹாஸ்டல்ல சொன்னாளுங்க. நெசமா?" என்றாள். அவளிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். அன்று எனக்கு மருந்து வீரியம் தீர்ந்துபோன வாரம், பேசும்போதே கண் மூடி மூடித் திறந்தது. அவள் போனை எடுத்தாள்.

"அக்கா, இத அப்படியே சொல்லுங்க, நான் எடுக்கறேன். என் லைன்ல ஒரு அக்காவோட அம்மா இப்படித்தான் இருக்குதாம், பேய் புடிச்சிருக்குன்றாங்க. இத அனுப்பறேன்."

நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். என் கண் மூடுவதையும், விரலால் திறப்பதையும் எடுத்தாள். முகத்தில் எண்ணெய் வழிந்தது. தலை சீவியிருக்கவில்லை. ஒரு பார்லர்காரி அப்படி வீடியோவில் வந்திருக்கக் கூடாது. அவள் அதை யார் யாருக்கோ அனுப்ப, அது எங்கெங்கோ போனது. கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். சரக்கடித்திருக்கிறாள் என்று ஒருவர். ஏதோ கோயிலின் பெயரைச் சொல்லி அங்கே கூட்டிப் போகச் சொல்லி ஒருவர். எனக்குக் கண்ணடிக்கிறாள் என்று நிறையப் பேர். நான் எல்லாவற்றையும் படித்தேன். படிக்கும்போது கண் அடிக்கடி மூடியதால் நேரம் பிடித்தது.

என் கணவர் சாயங்காலம் வந்து, "லைன்ல எல்லாரும் பாத்துட்டாங்க" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. டீ குடிக்கப் போயிட்டோம்." சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கொஞ்சம் கழித்து, "உனக்கு இது எதுக்குன்னு கேட்டான் ஒருத்தன்" என்றார்.

அந்த வீடியோ பார்த்துத்தான் ஓசூர் கண் டாக்டர் என்னைக் கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு கண் முகாமில் பேசக் கூப்பிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வெளியூர்களிலிருந்து வந்த பெரியவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மைக் பிடித்து, கண் தானாக மூடினால் பேயும் இல்லை, நடிப்பும் இல்லை, நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். ஊசி போட்டால் முழுசாகக் குணமாகாது என்பதையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்கள். ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டதும் முன்வரிசையில் ஒருவர் கை தூக்கினார். "கண்ணாடி எப்பங்க குடுப்பீங்க?" என்றார். மதியம் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

தளிப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தது அதற்குப் பிறகு. ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். அவர் முன்னால் வந்தார், அவர் தோளைப் பிடித்தபடி அவள் பின்னால் வந்தாள். என்னைவிடச் சின்னவள். கண்கள் இறுக்க மூடியிருந்தன.

"நிம்ம வீடியோ நோடிதே அக்கா" என்றார் அவர். என் வீடியோவைப் பார்த்தாராம். அதற்குமேல் தமிழும் கன்னடமும் கலந்தே பேசினார். ரெண்டு வருஷமாக இப்படி. பூ வெட்டும்போது முள் குத்திக் கையெல்லாம் காயம். சாமி பார்த்தார்கள், கயிறு கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள்.

அன்று எனக்கும் மூடுகிற நாள். அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இன்னொன்றைத் திருப்பி எதிரே உட்கார்ந்தேன். ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. அவள் கையை நீட்டினாள் போலிருக்கிறது, என் முழங்கால் மேல் பட்டது. அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"நிமகூ முச்சிதியா?" என்றாள். உங்களுக்கும் மூடியிருக்கிறதா என்று கேட்கிறாள்.

"ஆமா. எனக்கும்தான்."

"பாக்க முடியலயே, பொய் சொல்றீங்களான்னு."

அவள் புருஷன், "இல்லடி, மூடித்தான் இருக்கு. உன் மாதிரியேதான்" என்றார். அப்போது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னிடம் வந்து சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வெகுநாளாக எதுவும் அப்படி வந்து சேர்ந்திருக்கவில்லை. என்னுடைய ஊசி நாளிலேயே அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன்.

கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவளை இலவசப் பிரிவில் சேர்த்து ஊசி போட ஏற்பாடு செய்தார். முதல்முறை என்பதால் இமை கொஞ்சம் தொங்கினாலும் தொங்கலாம், பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். அவள் தலையாட்டினாள். அவள் புருஷன் மருந்து வாங்கப் போயிருந்தார், கேட்கவில்லை.

பத்து நாள்போல ஆகியிருக்கும், அவர் போன் செய்தார். குரல் மாறியிருந்தது. "அக்கா, என்ன ஊசி போட்டீங்க அவளுக்கு? வலது கண்ணு திறக்கவே மாட்டேங்குது. முன்ன நடுநடுவுல திறக்கும். இப்ப தொங்கிப்போச்சு. எங்கம்மா என்னக் கொல்றா."

"அது சரியாயிடும். டாக்டர் சொன்னாங்களே, சில பேருக்கு அப்படி ஆகும்."

"யார்கிட்ட சொன்னாங்க?"

"அவகிட்ட."

"எங்கிட்ட சொல்லல" என்றார். "நீங்க நல்லாயிட்டீங்க, வீடியோ போடறீங்க. இவ குருடியாட்டம் உக்காந்திருக்கா." போனை வைத்துவிட்டார். டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல நான் திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. டாக்டரம்மா, சில வாரத்தில் தானாகச் சரியாகும், அடுத்தமுறை அளவைக் குறைத்துவிடலாம் என்றார். அதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். கேட்டார்களா என்று தெரியவில்லை.

தளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "போனா அடிப்பாங்களா?" என்று கேட்டார். "தெரியல." ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கூட்டிப் போனார். குளிராக இருந்தது. ஊரைக் கண்டுபிடித்து, வீட்டையும் கண்டுபிடித்தோம். பூட்டியிருந்தது. வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "ரெண்டு பேருமா?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும்தான்" என்றாள். அங்கேயே கொஞ்சநேரம் நின்றோம். வரும் வழியில் அவர் முட்டைக்கோஸ் வாங்கினார்.

அப்புறம் நான் அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லலாம் என்று இருந்தேன். தர்மபுரிப் பெண், "எங்கெங்கயோ போயிடுச்சுக்கா, இனிமே யாரு எடுக்கறது?" என்றாள். நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் சொல்வதைச் சில வாரம் நிறுத்தியிருந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தளிக்காரி தனியாகத்தான் வந்தாள். நான் ஒருவருக்குத் தலை அலசிக்கொண்டிருந்தேன். ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து நின்றாள். கண்கள் திறந்திருந்தன. பெரிய கண்கள். அதற்குமுன் நான் அவற்றை முழுசாகத் திறந்து பார்த்ததில்லை. அவளும் என்னைச் சரியாகப் பார்த்ததில்லை. கொஞ்சநேரம் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இதுதான் நீங்களா" என்றாள்.

தொங்கல் சில வாரத்தில் போய்விட்டதாம். அப்புறம் நன்றாகத் திறந்திருந்ததாம். நாங்கள் போன அன்று அவள் தோட்டத்தில் பூ வெட்டிக்கொண்டிருந்தாளாம். இப்போது மறுபடி மூட ஆரம்பித்திருக்கிறது, அடுத்த ஊசி எப்போது என்று கேட்க வந்திருக்கிறாள்.

"உங்க வீட்டுக்காரரு?"

"வரமாட்டேங்கிறாரு. நீங்க போன் பண்ணா எடுக்கவே வேணாம்னு சொல்லியிருந்தாரு. வெக்கம். உங்கள அப்படிப் பேசிட்டாருல்ல." கையில் வைத்திருந்த பையை நாற்காலியில் வைத்தாள். பீன்ஸும் கொத்தமல்லியும். "திட்டாதீங்க அவர."

"நான் திட்டல."

இரண்டாவது ஊசிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அளவைக் குறைத்துப் போட்டார்கள், தொங்கவில்லை. மூன்றாவதற்கு அவளே போய்விட்டு வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்து, எங்கே இறங்கணும் என்று ஒரேஒரு முறை கேட்டாள். அவ்வளவுதான். அவள் மாமியார் இன்னமும் கயிறு கட்டித்தான் சரியானது என்று சொல்கிறாளாம். "சொல்லட்டும் அக்கா, ஊசிக்கு விடறாங்கல்ல" என்றாள்.

வாடிக்கையாளர்களிடம் மறுபடி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இப்போது தொங்கலைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கூட வருகிற புருஷன், அண்ணன், யாராக இருந்தாலும் உட்காரவைத்து. எனக்கு இப்போது ஊசி முன்புபோல ரொம்ப நாள் நிற்பதில்லை. மூடுகிற வாரங்களில் என் கணவர் கூடவே நடந்து, "மேடு", "பைக்", "தண்ணி" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு வருவார். அவர் மற்றபடி அதிகம் பேசுவதில்லை.

போன வாரம் நாமக்கல்காரர் ஒருவர் போன் செய்தார். லாரி ஓட்டுகிறவராம். தர்மபுரிக்கும் ஓசூருக்கும் நடுவில் எங்கோ வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவதாகச் சொன்னார். பின்னால் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. வீடியோவை யாரோ என் நம்பரோடு அனுப்பியிருக்கிறார்கள். தனக்கும் அப்படித்தான் என்று சொல்லவே அவருக்கு வெகுநேரம் ஆனது.

"வீட்ல சொல்லல. முதலாளிகிட்டயும் சொல்லல. சொன்னா வண்டி போயிடும்."

"வண்டிய இப்ப ஓட்டாதீங்க" என்றேன். "அங்கயே நிறுத்திட்டு யாரையாவது வரச் சொல்லுங்க."

"குணமாயிடுமா?" என்றார்.

"ஆகாது. கொஞ்சநாள் திறந்திருக்கும். அப்புறம் மறுபடி போட்டுக்கணும்."

"ம்."

லாரி ஒன்று ரொம்ப நேரம் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது அடங்கின பிறகு, கிளீனரிடம் சாவியைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து எந்த பஸ் ஏற வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். மறக்காமல் இருக்க ஒருமுறை திருப்பிச் சொன்னார்.